ஏழாம் நம்பர் காட்டின் பனி

நாற்பது பெண்களின் விரல்கள் ஒரே நேரத்தில் நின்றுபோன சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். கருமுடி எஸ்டேட்டில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் ஏழாம் நம்பர் காட்டை ஒட்டி இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு சரிவையும் காடு என்றுதான் சொல்வார்கள், ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரை அந்தச் சரிவிலிருந்து கொழுந்து முறிகிற சத்தம் வந்துகொண்டே இருக்கும், தூரத்து வீட்டில் யாரோ கடுகு தாளித்துக்கொண்டே இருப்பதுபோல, நான் வாய்ப்பாடு சொன்னாலும் செய்யுள் சொன்னாலும் என் குரலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருக்கும். எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரை மாதம் ஒரு பகல் பதினொன்றரை மணிக்கு அது நின்றது. நின்ற இடத்தில் வேறொரு சத்தம் வந்து உட்கார்ந்தது, பள்ளிக்கூடத் தகரக் கூரையின் ஒரு பாதியில் மட்டும், யாரோ மாவு சலிக்கிறதுபோல. நான் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பனி பெய்துகொண்டிருந்தது.

மார்கழியில் புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்து தேயிலையைக் கருக்கிவிட்டுப் போகும் பனி எங்களுக்குத் தெரிந்ததுதான். இது அதுவல்ல. இது கையால் அள்ளுகிற பனி, உருட்டுகிற பனி, முழங்கால்வரை ஏறுகிற பனி, அதுவும் ஏழாம் நம்பர் காட்டில் மட்டும். எல்லையில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் இந்தப் பக்கம் பெய்தது, அந்தப் பக்கம் ஆறாம் நம்பர் காட்டில் வெயில் காய்ந்தது, மரங்கள் பாதி உடம்பு நனைந்தும் பாதி உடம்பு உலர்ந்தும் நின்றன. சூப்பர்வைசர் எபனேசர் குடையை விரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆள் கணக்கு எழுதும் செக்ரோலைத் திறந்து, "ஏழாம் நம்பர். பனி. அரை நாள்" என்று எழுதினார்.

அரை நாள் என்று எழுதியதில்தான் சண்டை வந்தது.

"ஏன் அரை நாளு? நாங்களா பெய்யச் சொன்னோம்?" என்றாள் தங்கப்புஷ்பம். அந்தக் காட்டிலேயே விரலும் நாக்கும் வேகமானவள் அவள்.

"மழைன்னா அரை நாள்தானம்மா போடுறது."

"மழைன்னா மழைன்னு போடுங்க, அரை நாளு வாங்கிக்கிடுறோம். பனின்னு போட்டீங்கள்ல, பனிக்கு என்ன சட்டம்னு தொரைகிட்ட கேட்டுட்டு வாங்க."

சாயங்காலம்வரை அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பனி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்றைக்குச் சீனியம்மாவுக்குக் கடைசி வேலை நாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வயதில் அம்மாவின் கூடையைப் பிடித்துக்கொண்டு சாத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறியவள், நாற்பத்தாறு வருஷம் அதே ஏழாம் நம்பரில் அதே நிரையில் கொழுந்து எடுத்தவள். நிரை என்பது செடிகளுக்கு நடுவே ஒருத்திக்கென்று விட்ட வரிசை. அடுத்தவள் நிரையில் கை வைப்பது அடுத்தவள் அடுப்பில் உலை வைப்பதுபோல. புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் ராமுத்தாய் சாத்தூரில் கல்யாணமாகிப் போயிருந்தாள். அங்கே போய் மகள் வீட்டு வாசலில் வெயிலில் உட்காரவேண்டும் என்பதைத் தவிரச் சீனியம்மாவுக்கு வேறு யோசனை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நாற்பத்தாறு மழைக்காலம் நனைந்த உடம்பு அது. "எலும்புக்குள்ள ஈரம் இருக்கு டீச்சர், வெயில்ல போட்டுத்தான் எடுக்கணும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள், ஊறவைத்த துணியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். சூப்பர்வைசர் பெயர் படிப்பார், அவரவர் "இருக்கேன்" என்பார்கள். ஒருத்தி ரிட்டயர் ஆனால், மறுநாள் பெரட்டிலும் ஒரே ஒரு தடவை அவள் பெயரைக் கூப்பிடுவார்கள். அவள் பெட்டியோடு ஓரமாக நிற்பாள். மற்ற எல்லாரும் சேர்ந்து "இறங்கியாச்சு" என்பார்கள். அதற்கப்புறம்தான் அவர் பேனாவால் பெயரை அடிப்பார், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டின் சாவியை வாங்குவார், அவள் பஸ் ஏறுவாள். அந்த ஒரு சொல் கேட்காமல் மலையிலிருந்து இறங்கினவர்கள் யாரும் இல்லை. செத்தவர்களுக்குக்கூட மறுநாள் அதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

சீனியம்மாவுக்கு மறுநாள் பெரட்டு நடக்கவில்லை. எஸ்டேட் முழுக்கப் பனியில் நின்றது, மேனேஜர், அதாவது பெரிய துரை, பொன்னப்பா உட்பட. அதற்கு மறுநாளும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பெரட்டு நடந்தபோது எபனேசர் அவள் பெயரைக் கூப்பிட்டார், மற்றவர்கள் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாரும் பதில் சொல்லாததால் பழக்கதோஷத்தில் அவளே "இருக்கேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எபனேசரும் சிரித்துக்கொண்டே, "சரிக்கா, இருந்துட்டுப் போங்க, இந்தக் கூத்து முடியட்டும்" என்றார்.

கூத்து முடியவில்லை. பனி நின்றது, ஆனால் போகவில்லை. வைகாசி வந்தது, ஆனி வந்தது, கருக்கிற வெயிலும் அடிக்கிற மழையும் அதன்மேல் விழுந்தன, அது அப்படியே கிடந்தது, மேலே கொஞ்சம் குறைந்தால் விடிகாலையில் கொஞ்சம் பெய்து சரிசெய்துகொண்டது. துரை கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பனியிலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு மகசூல் எதிர்பார்க்கலாம் என்று கேட்டுக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. துரையின் ஆபீசில் ஒரு காலண்டர் தொங்கியது, அதில் ஏதோ ஒரு குளிர் நாட்டில் காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு ஒருவன் மலையிலிருந்து சறுக்கிக்கொண்டிருந்தான். துரை காலண்டரைக் கழற்றி எஸ்டேட் ஆசாரியிடம் கொடுத்தார். ஆசாரி சில்வர் ஓக் பலகையை இழைத்து, தேயிலை வாட்டும் அறையின் சூட்டில் முனையை வளைத்து, பத்து நாளில் ஆறு ஜோடி சறுக்குக் கட்டை செய்தார். முதலில் இறங்கியவள் தங்கப்புஷ்பம். இடுப்பில் சாக்குப் படுதா, தலையில் மழைக்கு மாட்டுகிற கொங்காணி, வாயில் வெற்றிலை. கீழே போய் நின்று திரும்பிப் பார்த்து, "கூடை தூக்காம எறங்குறது இதுதான் முதல் தடவை" என்றாள்.

இப்படித்தான் கருமுடி, மலைக்கு வருகிறவர்களின் ஊராயிற்று. ஆறு வருஷத்தில் மற்ற காடுகளிலும் கொழுந்து எடுப்பது நின்றுபோனது, தேயிலைக்கு விலை இல்லை என்றார்கள், பனிக்கு விலை இருந்தது. நூற்றெட்டுக் குடும்பம் பனியில் வேலை செய்தது, தேயிலையில் செய்த அதே முறையில். காலையில் பெரட்டு நடக்கும். பெண்கள் அவரவர் நிரையில் இறங்குவார்கள், செடியின் தலையைச் சமமாக வைக்கப் பயன்படுத்திய அதே மட்டக்கம்பைப் பனியின்மேல் வைத்து மேடு பள்ளம் பார்த்துத் தட்டிவிடுவார்கள். சறுக்க வருகிறவர்கள் நிரை மாறக்கூடாது. மதுரையிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் நிரை மாறி விழுந்தபோது, இரண்டு பெண்கள் அவரைத் தூக்கிவிடாமல் அவர் யார் நிரையில் கிடக்கிறார் என்று பத்து நிமிஷம் வாதாடினார்கள். கொழுந்து மூட்டை இறக்கிய கம்பிவடத்தில் நாற்காலி கட்டி ஆட்களை மேலே ஏற்றினார்கள். மழைக்காலத்துக்கு வருஷா வருஷம் எஸ்டேட்டில் கொடுக்கிற கருப்புக் கம்பளியை வாடகைக்கு விட்டார்கள்.

எண்பத்தைந்தில் துரை என்னைக் கூப்பிட்டார். எஸ்டேட்டில் கல்லூரிக்குப் போய்த் தமிழ் படித்தவள் நான் ஒருத்திதான். மதுரையில் ஒரு புத்தகம் அச்சடிக்க ஏற்பாடாகியிருக்கிறது, 'கருமுடி பனிச்சறுக்கு: வரலாறும் பார்க்கவேண்டியவையும்' என்று எட்டுப் பக்கம் எழுதித் தரவேண்டும் என்றார்.

பார்க்கவேண்டியவை சுலபமாக வந்தன. கோடையில், கீழே நாடெல்லாம் கொதிக்கும்போது, வெறுங்காலோடு பனியில் நடக்கலாம். தென்மேற்கு மழையில் அட்டைப்பூச்சிகள் பனியின்மேல் ஏறிவரும். ரத்தம் குடித்தவை போகிற வழியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்துப் போகும், காலையில் சரிவு முழுக்க யாரோ நூல் கோர்த்துப் போட்டதுபோல் இருக்கும். ஆடியில் புதுப்பெண்டாட்டிகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதால் ஜோடிகள் வரமாட்டார்கள், அந்த மாதம் மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தண்ணீர்க்குடத்துக்குப் பதிலாகக் குடத்தில் பனியை நிரப்பி எடுத்துப் போவார்கள். (முதல் வருஷம் அதற்குப் பனிக்குடம் என்று பெயர் வைத்து, குடம் உடைந்தால் யாருக்குப் பிள்ளை பிறக்கும் என்று பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். நான் அதை எழுதவில்லை.) ஐப்பசி அடைமழையில் பனி லேசாகப் பழுப்பாகும், அடியில் செடிகள் துளிர்ப்பதால், அப்போது அதை அள்ளிக் கொதிக்கவைத்தால் சாயம் கம்மியான தேநீர் வரும். மார்கழியில் மலை முழுவதும் வெள்ளையாக இருப்பதால் ஏழாம் நம்பர் எது என்று தேடவேண்டியிருக்கும்.

வரலாறுதான் வரவில்லை. ஒரு பகல் பெய்தது, போகவில்லை, அவ்வளவுதான் வரலாறு. ஒரு பக்கம் நிரப்பவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்து ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தபோது சீனியம்மா தன் நிரையின் தலைமாட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக இன்றைக்கு இறங்குகிறேன் நாளைக்கு இறங்குகிறேன் என்று இருந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை பஸ் ஓடவில்லை, ஒரு தடவை சீசன், ஆள் போதவில்லை, ஒரு தடவை துரை லீவில் இருந்தார். நான் எழுதினேன்: நாற்பத்தாறு வருஷம் உழைத்த ஒரு பெண் கடைசி நாளில் தன் நிரையை விட்டுப் போக மனமில்லாமல் நின்றாள், அவளுக்காகவே வானம் வெள்ளையாயிற்று. அதற்கடுத்த வரி தானாக வந்தது. சீனியம்மா மலையில் இருக்கும்வரை பனியும் மலையில் இருக்கும்.

அந்த வரி காதுக்கு நன்றாக இருந்தது. அதற்காகத்தான் எழுதினேன். வேறு காரணம் இல்லை.

புத்தகம் வந்த அன்று லைன் வீடுகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். அந்த வரி வந்ததும் ஒருத்தி எழுந்து போய் சீனியம்மாவின் அடுப்பில் இரண்டு விறகு கூட வைத்துவிட்டு வந்தாள் என்று எனக்குச் சொன்னார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷமே கத்திரி வெயிலில் சீனியம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்திருந்தாள். அந்த மூன்று நாளில் பனி கீழ்க்கோடியில் ஒரு நிரை அளவு உருகி உள்ளே போய்விட்டது. வெயில் அப்படி. முந்தின வருஷமும் அதே நாட்களில் அரை நிரை போயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. இந்தத் தடவை மட்டக்கம்பால் அளந்தார்கள். நான்காம் நாள் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரத்தில் மழை பெய்தது, குளிர்ந்தது, பனி பழைய எல்லைக்கு வந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

அவளை யாரும் அதட்டவில்லை. அதைச் சொல்லியாகவேண்டும். நூற்றெட்டு வீட்டிலும் யார் வீட்டில் கறி எடுத்தாலும் முதல் கிண்ணம் அவளுக்குப் போனது. புதுக் கம்பளி வந்தால் முதல் கம்பளி அவளுக்கு. அவள் நிரையின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் கங்கு போட்ட சட்டி வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "இவங்கதான் சீனியம்மாவா?" என்று கேட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பதிப்பில் அவளைப் பார்க்கவேண்டியவற்றில் நான்காவதாகச் சேர்க்கச் சொன்னார் துரை. சேர்த்தேன். தினமும் காலையில் எபனேசர் அவள் பெயரைக் கூப்பிட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவள் "இருக்கேன்" என்றாள்.

ராமுத்தாய் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சண்டை போட்டாள். "எங்கம்மா என்ன, ஐஸ்பொட்டியில வச்ச மீனா? எத்தனை நாளைக்கு வச்சுப் பாப்பீங்க?" என்று பெரட்டுக் களத்தில் நின்று கத்தினாள். தங்கப்புஷ்பம் அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, "யத்தா, உங்கம்மா எங்களுக்கும் அம்மாதான்" என்றாள்.

"அப்ப நீங்க ஒரு பத்து நாளு அந்த நாக்காலியில உக்காருங்க. அம்மாவுக்கு வெடவெடன்னு வருது, பாக்கலையா?"

"நாங்க உக்காந்தா பனி நிக்காதேம்மா. நின்னா உக்கார மாட்டோமா?"

தங்கப்புஷ்பம் அதைச் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அதனால்தான் எதுவும் செய்ய முடியவில்லை.

ஐந்தாவது வருஷம் நான் பெரட்டுக்குப் போனேன். அந்த வரியை நான் சும்மா எழுதினேன், அதற்கு ஆதாரம் கிடையாது, ஓசைக்காக எழுதினது என்று சொன்னேன்.

"சும்மா எழுதுனதுன்னா எதுக்கு டீச்சர் அச்சுல போட்டாங்க?" என்றாள் தங்கப்புஷ்பம்.

"நான் எழுதிக் கொடுத்தேன், போட்டாங்க."

"அப்ப எங்க புள்ளைகளுக்கு நீங்க சொல்லிக் குடுத்ததுல எது எது சும்மான்னு இப்பவே சொல்லிருங்க. நோட்டுல அடிச்சுக்கிடுறோம்."

பின்னால் சிலர் சிரித்தார்கள். எபனேசர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துப் போய், மெதுவாக, ஸ்கூல் பையனுக்கு விளங்கவைக்கிற மாதிரி சொன்னார்: "டீச்சர், நீங்க சொல்றது நெசமாகூட இருக்கலாம். நெசமா பொய்யான்னு பாக்க ஒரே வழி அக்காவை இறக்கிவிட்டுப் பாக்கிறது. பனி நின்னா சந்தோஷம். போயிருச்சின்னா? லைன் வீடு வேலையோட போயிரும். நூத்தெட்டுக் குடும்பம் பெட்டியத் தூக்கிட்டு எந்த ஊருக்குப் போகும், சொல்லுங்க. நீங்க எழுதினதுக்கு நீங்க பொறுப்பு. இறக்கிவிட்டதுக்கு யாரு பொறுப்பு?"

எனக்கும் எஸ்டேட் வீடுதான். நான் திரும்பிவந்து பள்ளிக்கூட மணியை அடித்தேன்.

அன்று மத்தியானம் சீனியம்மாவைப் பார்க்க மேலே போனேன். கங்குச் சட்டிமேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெடித்து, கொழுந்துக் கறை ஏறிய பழைய வெடிப்புக்கும் பனி வெடிப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்தன. "என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"எதுக்கு?"

"அந்தப் புத்தகத்துல..."

"நல்லாத்தான எழுதியிருக்கீங்க. தங்கம் படிச்சுக் காட்டுனா." கொஞ்ச நேரம் சரிவைப் பார்த்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தது. "போக மனசில்லாம நின்னேன்னு போட்டுட்டீங்க, அதுதான். எனக்கு அன்னைக்கு மனசு இருந்துச்சு டீச்சர். பெட்டியக் கட்டி வச்சுட்டுத்தான் வேலைக்கு வந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அதை எங்கேயாவது இறக்கிவைத்திருப்பேன்.

அப்படியே பதினோரு வருஷம். துரை மாறினார், புது துரை வந்தார், கம்பிவடத்து நாற்காலிகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள், புத்தகம் ஏழாம் பதிப்பு வந்தது. சீனியம்மாவுக்கு இருமல் வந்து நிலையாகத் தங்கிவிட்டது. காலையில் அவள் இருமுவதைக் கேட்டுத்தான் லைனில் அடுப்புப் பற்றவைத்தார்கள். ராமுத்தாய் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். வந்தாள், அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், மகன் படிப்பதைப் பற்றிப் பேசினாள், போனாள். அது சண்டையைவிடப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் பங்குனி மாதம், சீசன் தொடங்குவதற்குப் பத்து நாள் இருக்கையில், பெரட்டில் எபனேசர் வழக்கம்போலப் பெயர் படித்துக்கொண்டு வந்தார். அவருக்கும் அது கடைசி வருஷம், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது, ஆனாலும் மனப்பாடமாக வரும். "சீனியம்மா" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"இறங்கியாச்சு" என்றாள் சீனியம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. இருமல் வந்து பாதியில் நின்று, மீதியைச் சொன்னாள். களத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். அந்தச் சொல்லை ரிட்டயர் ஆனவளே சொன்னதாக எங்கள் எஸ்டேட்டில் கிடையாது. சொல்லக்கூடாது என்றும் யாரும் சொல்லிவைத்தது கிடையாது. ஆனால் அந்தச் சொல் களத்தில் விழுந்த பிறகு பெயரை அடிக்காமல் விட்டதும் கிடையாது. எபனேசர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார் என்று எனக்குத் தோன்றியது, ஒருவேளை அரை நிமிஷம்தான் இருக்கும். அப்புறம் கோடு போட்டார். அவள் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா" என்றார் எபனேசர்.

"நேரமாச்சு தம்பி. எட்டரைக்கு பஸ்."

யாரும் தடுக்கவில்லை. நான் அவளுடைய தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். பதினோரு வருஷம் கட்டியே இருந்ததால் கயிறு பெட்டியில் பள்ளம் விழவைத்திருந்தது. பஸ் நிற்கும் இடம்வரை அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், ஐந்து நிமிஷ வழியில் மூன்று தடவை நின்றாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும், கூட வருவார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். நூற்றெட்டுக் குடும்பமும், கம்பளி போர்த்தியவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்தவர்கள், சறுக்குக் கட்டையைத் தோளில் சாத்தியவர்கள், எல்லாரும் ஏழாம் நம்பர் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பனி எந்தப் பக்கத்திலிருந்து போகத் தொடங்கும் என்று தெரியாததால் ஒரு மூலைகூட விடாமல் பார்த்தார்கள். தங்கப்புஷ்பம் மட்டும் ஒரு தடவை திரும்பினாள். கையை எடுத்தாள், அசைக்கவில்லை, மறுபடி பனியைப் பார்த்தாள்.

"ஏன் யாரும் வரல?" என்று சீனியம்மா கேட்டாள்.

"வேலை இருக்குக்கா" என்றேன்.

பஸ் போனது. நான் திரும்பிவந்து அவர்களோடு நின்றேன். பத்து மணி வெயில் வந்தது, பனி இருந்தது. மத்தியானம் வந்தது, யாரும் சாப்பிடப் போகவில்லை, பனி இருந்தது. சாயங்காலம் எபனேசர் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார், போய்ப் படுத்தார்கள். காலையில் வந்து பார்த்தார்கள். விடிகாலையில் புதிதாகக் கொஞ்சம் பெய்திருந்தது, சீனியம்மாவின் நாற்காலியின்மேலும் நான்கு விரல் கனத்துக்கு உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் போனது. சித்திரை பிறந்தது, கத்திரி வெயில் வந்தது, கீழ்க்கோடியில் அரை நிரை உள்ளே போனது, மழை வந்ததும் திரும்பி வந்தது.

அந்த அரை நிரை திரும்பிவந்த அன்று தங்கப்புஷ்பம் மட்டக்கம்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். "அப்ப..." என்றாள். நான் காத்திருந்தேன். அவள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தன் நிரைக்குப் போய்விட்டாள். அதற்குமேல் அதைப் பற்றி எஸ்டேட்டில் யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாத்தூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். சீசன் முடியட்டும் என்றார்கள். பனிக்கு நான்கு பருவமும் சீசன்தான்.

வருகிறவர்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு சீனியம்மா எங்கே என்று கேட்டார்கள். முதலில் உடம்பு சரியில்லை என்றார்கள். அப்புறம் பெண்கள் முறை வைத்து, வாரத்துக்கு ஒருத்தியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெயருக்குத் தலையசைத்தார்கள். எட்டாம் பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்தேன். புது துரை அது இருக்கட்டும் என்றார், ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றார். நான் ரிட்டயர் ஆன பிறகு வீட்டைக் காலி செய்யாமல் இருக்க எனக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் நானும் அதில் உட்கார்ந்தேன். திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களால்தான் இந்தப் பனி இருக்கிறதாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சீனியம்மா சாத்தூரில் மகள் வீட்டில் இரண்டு சித்திரை பார்த்தாள். மூன்றாவது வருவதற்கு முன்னால், மாசி மாதம், நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனாள்.